தமிழ்நாட்டில் அசைவூட்டக் கலை

அசைவூட்டம் அல்லது அனிமேஷன் என்பது அசையாத படங்களையோ பொருள்களையோ ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து காட்டி, அவை தாமாகவே இயங்குவது போன்ற தோற்றத்தை உண்டாக்கும் கலையாகும். தாளில் வரைந்த படம், களிமண் உருவம், வெட்டிய அட்டை, பொம்மை, கணினியில் உருவாக்கிய வடிவம் என எதைக்கொண்டும் இதைச் செய்யலாம். இக்கலையைப் போற்றும் வகையில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 28 பன்னாட்டு அசைவூட்ட நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தமிழ்நாட்டுக்கும் இக்கலைக்கும் உள்ள தொடர்பு பல தடங்களில் அமைந்தது. திரைக்குப் பின்னிருந்து பாவைகளை இயக்கிய தோல்பாவைக் கூத்து இங்கு வழங்கியது. இந்திய அசைவூட்டத்தின் தந்தை எனப்படும் ராம் மோகன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். நாட்டின் முதல் முப்பரிமாண அசைவூட்டப் படம் உருவானது சென்னையில்தான். ஆயினும் தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு இந்த வரலாறு எழுதப்படவில்லை.

அக்டோபர் 28இன் பின்னணி

பிரான்சு நாட்டைச் சேர்ந்த எமில் ரெய்னோ 1877இல் 'பிராக்சினோஸ்கோப்' என்னும் கருவிக்கு உரிமம் பெற்றார். சுழலும் உருளையின் உட்புறம் படங்களை ஒட்டி, நடுவில் உள்ள கண்ணாடிகளின் வழியாகப் பார்த்தால் அப்படங்கள் இயங்குவதுபோல் தோன்றும். இதை விரிவாக்கி அவர் அமைத்த 'ஒளியியல் அரங்கு' 1892 அக்டோபர் 28 அன்று பாரிசில் உள்ள கிரேவன் அருங்காட்சியகத்தில் முதன்முறையாகப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. அன்று திரையில் இயங்கியவை அவரே கையால் வரைந்து வண்ணம் தீட்டிய படங்கள். லூமியர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் தம் திரைப்படங்களைக் காட்டியது இதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1895 டிசம்பரில்தான்.

திரைப்படம் பரவியபின் ரெய்னோவின் காட்சிக்கு வரவேற்பு குறைந்தது. வறுமையும் மனச்சோர்வும் சூழ்ந்த இறுதிக் காலத்தில் அவர் தம் படச்சுருள்களில் பெரும்பாலானவற்றை சேன் ஆற்றில் எறிந்துவிட்டார். இரண்டு மட்டுமே எஞ்சின. பன்னாட்டு அசைவூட்டத் திரைப்படச் சங்கமான அசீஃபா, ரெய்னோவின் முதல் காட்சி நாளை 2002இல் பன்னாட்டு அசைவூட்ட நாளாக அறிவித்தது.

அசைவூட்ட வரலாற்றில் இத்தகைய இழப்புகள் பல. உலகின் முதல் முழுநீள அசைவூட்டப் படமாகக் கருதப்படும் 'எல் அப்போஸ்தல்' 1917இல் அர்ஜென்டினாவில் கிரினோ கிரிஸ்தியானி உருவாக்கியது. அதன் படச்சுருள் தீவிபத்தில் அழிந்தது. இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய முழுநீள அசைவூட்டப் படம், ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926இல் வெளியிட்ட 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' ஆகும். கறுப்பு அட்டையில் வெட்டிய உருவங்களைப் பின்னொளியில் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்து அவர் இதை உருவாக்கினார். இந்த முறை ஆசிய நாடுகளின் நிழற்பாவைக் கலைக்கு மிக நெருக்கமானது.

தோல்பாவைக் கூத்து

பாவையை இயக்கிக் காட்டும் வழக்கம் தமிழில் தொன்மையானது. கயிற்றால் இயக்கப்படும் மரப்பாவையைத் திருக்குறள் உவமையாகக் கையாள்கிறது. மரப்பாவைக் கூத்தும் தோல்பாவைக் கூத்தும் தமிழ்நாட்டில் இன்றும் அருகி வழங்கும் கலைகள்.

தோல்பாவைக் கூத்தில் ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவம் வரைந்து வெட்டி, வண்ணம் தீட்டுவர். அணிகலன்களும் ஆடை வேலைப்பாடுகளும் தெரியும் இடங்களில் சிறு துளைகள் இடப்படும். ஒளி இத்துளைகளின் வழியே ஊடுருவி நகைகளை மின்னச் செய்யும். கை, கால் போன்ற உறுப்புகள் தனித்தனியே வெட்டிக் கோக்கப்பட்டிருப்பதால் குச்சிகளைக் கொண்டு அவற்றை அசைக்க முடியும். வெள்ளைத் துணித் திரைக்குப் பின்னால் விளக்கை வைத்து, பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்து இயக்குவர். எண்ணெய் விளக்கின் இடத்தைப் பின்னாளில் மின்விளக்கு பிடித்தது.

இக்கலையை நிகழ்த்துவோர் பெரும்பாலும் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தினர். தஞ்சை மராட்டியர் ஆட்சியோடு இவர்களின் வருகையை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகின்றனர். வீட்டில் மராத்தி பேசினாலும் இவர்கள் கூத்தை நிகழ்த்துவது தமிழில். முதன்மைக் கலைஞர் ஒருவரே பாவைகளை இயக்கியபடி இராமனுக்கும் இராவணனுக்கும் அனுமனுக்கும் குரல் மாற்றிப் பேசுவார். குடும்பத்தினர் பாடியும் இசைத்தும் துணைபுரிவர். இராமாயணக் கதையோடு நல்லதங்காள், அரிச்சந்திரன் கதைகளும் நிகழ்த்தப்படும். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைச்சுவைப் பாத்திரங்கள் எந்தக் கதைக்குள்ளும் நுழைந்து, உள்ளூர்ச் செய்திகளைக் கேலி செய்து பேசுவர். அ. கா. பெருமாள், மு. இராமசாமி ஆகியோர் இக்கூத்தை விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

தோல்பாவைக் கூத்தைத் திரைப்பட அசைவூட்டத்தின் நேரடி மூதாதை என்று கூற இயலாது. பாவை அந்தந்தக் கணத்தில் கையால் இயக்கப்படுகிறது. அசைவூட்டமோ ஒவ்வொரு படமாகப் பதிவு செய்து சேர்க்கப்படுகிறது. எனினும் ஒளி, திரை, அசையும் உருவம், அதற்குப் பொருந்தும் குரல் ஆகிய நான்கையும் இணைத்துக் கதை சொல்லும் முறையை ஊர்ப்புறப் பார்வையாளர்கள் திரைப்படத்துக்கு முன்பே அறிந்திருந்தனர்.

இந்தியாவில் தொடக்க முயற்சிகள்

இந்தியத் திரைப்படத்தின் முன்னோடியான தாதாசாகேப் பால்கே, 1912இல் ஒரு பட்டாணி விதை முளைத்துச் செடியாக வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம்பிடித்தார். திரையில் அச்செடி சில நொடிகளில் வளர்ந்தது. முதலீடு தருவோரைத் திரைப்படத் தொழிலின்பால் ஈர்க்க அவருக்கு இக்குறும்படம் உதவியது. பின்னர் 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்து 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்' என்னும் குறும்படத்தை உருவாக்கினார். இப்படம் இன்று கிடைப்பதில்லை. கொல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் குணமய் பானர்ஜி உருவாக்கிய 'தி பீ பிரதர்ஸ்' என்னும் வரைபட அசைவூட்டப் படம் 1934இல் திரையரங்கில் வெளியானது.

ஒழுங்கான பயிற்சி 1956இல் தொடங்கியது. டிஸ்னி நிறுவனத்தில் 'பாம்பி' முதலிய படங்களில் பணிபுரிந்த கிளேர் வீக்ஸ், அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் மும்பைக்கு வந்தார். இவர் இந்தியாவில் பணியாற்றிய மதபோதகக் குடும்பத்தில் பிறந்தவர். இந்திய அரசின் திரைப்படப் பிரிவில் அமைந்த கார்ட்டூன் பிரிவின் இளம் கலைஞர்களுக்கு அவர் பயிற்சி அளித்தார். புத்த சாதகக் கதையைத் தழுவிய 'தி பன்யன் டீர்' இப்பயிற்சியின் விளைவாக உருவானது.

கையால் வரைந்த காலத்தின் உழைப்பு

அக்காலத்து வேலையின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். திரைப்படத்தில் நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு வரைபடத்தையும் இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினால் நொடிக்கு 12 வரைபடங்கள் போதும். அவ்வாறு செய்தாலும் 10 நிமிடப் படத்தில் ஓர் உருவம் இடைவிடாது அசைய 7,200 வரைபடங்கள் தேவை. ஒருவர் நாளொன்றுக்கு 20 படங்கள் வரைந்தால் இதை முடிக்க 360 நாள் ஆகும்.

ஆகவே வேலை பகிர்ந்து கொள்ளப்பட்டது. முதன்மைக் கலைஞர் ஓர் அசைவின் தொடக்கம், உச்சம், முடிவு ஆகிய நிலைகளை வரைவார். இடைப்பட்ட நிலைகளை இளைய கலைஞர்கள் நிரப்புவர். பென்சில் கோடுகளை மற்றொருவர் சீராக்குவார். பின்னர் அவை 'செல்' எனப்படும் ஒளிபுகும் செல்லுலாய்டு தாள்களில் மையால் பிரதி எடுக்கப்பட்டு, தாளின் பின்புறம் வண்ணம் தீட்டப்படும். இறுதியில் பின்னணி ஓவியத்தின்மேல் ஒவ்வொரு தாளாக வைத்துப் படம்பிடிப்பர். ஒரு படத்தில் பணியாற்றிய பலருள் சிலரின் பெயரே திரையில் இடம்பெறும்.

ராம் மோகன்

ராம் மோகன் 1931இல் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காக மும்பை சென்றார். ஓவிய ஆர்வத்தால் அப்படிப்பைக் கைவிட்டு 1956இல் திரைப்படப் பிரிவின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, கிளேர் வீக்சிடம் பயிற்சி பெற்றார். சில ஆண்டுகளுக்குப்பின் அரசுப் பணியை விட்டு, எல். வி. பிரசாத்தின் பிரசாத் புரொடக்சன்ஸ் நிறுவனத்தில் அசைவூட்டப் பிரிவின் தலைவரானார். 1972இல் 'ராம் மோகன் பயோகிராபிக்ஸ்' என்னும் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

இந்தியாவில் தனியார் அசைவூட்ட நிறுவனம் நடத்துவது அப்போது எளிதாக இல்லை. விளம்பரங்களும் அரசின் விழிப்புணர்வுப் படங்களுமே வருவாய் தந்தன. அவ்வேலைகளுக்கு இடையே ராம் மோகன் கலைத்தரமான படங்களையும் உருவாக்கினார். 'யூ செட் இட்' (1972), 'ஃபயர் கேம்ஸ்' (1983) ஆகிய குறும்படங்கள் தேசிய விருது பெற்றன. மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' (1969), சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) ஆகிய படங்களின் அசைவூட்டப் பகுதிகளும் இவருடையவை. தெற்காசியப் பெண் குழந்தைகளின் கல்வி, உரிமை பற்றி யுனிசெஃப் 1990களில் வெளியிட்ட 'மீனா' தொடரிலும் இவர் முக்கியப் பங்கு வகித்தார்.

இவரது பெரும்பணி 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' ஆகும். ஜப்பானின் யூகோ சாகோ 1983இல் ஆவணப்படப் பணிக்காக இந்தியா வந்தபோது இராமாயணத்தின்மீது ஈடுபாடு கொண்டார். இந்து இதிகாசத்தைக் கார்ட்டூனாக்குவதற்கு இந்தியாவில் எதிர்ப்பு எழுந்ததால் தயாரிப்பு ஜப்பானிலேயே நடந்தது. சாகோ, கோய்ச்சி சசாகி ஆகியோருடன் ராம் மோகன் இணைந்து இயக்கினார். இந்திய உடை, நடை, வணங்கும் முறை, கட்டடம் ஆகியவை பிழையின்றி அமைய இந்தியக் கலைஞர்களின் வழிகாட்டல் இன்றியமையாததாக இருந்தது. இருநாட்டுக் கலைஞர்களும் ஏறத்தாழ ஒரு லட்சம் வரைபடங்களைக் கையால் வரைந்தனர். 1992இல் நிறைவடைந்த இப்படம் அப்போது இந்தியாவில் பரவலாகத் திரையிடப்படவில்லை. தொலைக்காட்சியின் வழியாகவே ஒரு தலைமுறை இதை அறிந்தது. மீட்டெடுக்கப்பட்ட 4கே வடிவம் 2025 ஜனவரி 24 அன்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் திரையரங்குகளில் வெளியானது. ராம் மோகன் 2014இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019 அக்டோபரில் காலமானதால் இவ்வெளியீட்டை அவர் காணவில்லை.

தமிழ்த் திரைப்படங்களில்

தமிழ்ப் படங்களில் அசைவூட்டம் முதலில் ஒரு பாடலுக்கோ காட்சிக்கோ மட்டும் பயன்பட்டது. எஸ். பி. முத்துராமன் இயக்கத்தில் ஏவிஎம் தயாரித்த 'ராஜா சின்ன ரோஜா' (1989) படத்தின் ஒரு பாடலில், ரஜினிகாந்தும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப் பாடினர். நடிகர்கள் வெறும் வெளியைப் பார்த்து நடிக்க, விலங்குகள் பின்னர் வரைந்து சேர்க்கப்பட்டன.

1990களில் கணினி வந்தது. 'காதலன்' (1994), 'இந்தியன்' (1996), 'ஜீன்ஸ்' (1998) ஆகிய மூன்று படங்களுக்காகச் சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருதை எஸ். டி. வெங்கி பெற்றார். 'ஆளவந்தான்' (2001) படத்தில் மனம் பிறழ்ந்த பாத்திரத்தின் வன்முறை, நடிப்பிலிருந்து வரைபட அசைவூட்டத்துக்கு மாறிக் காட்டப்பட்டது. குழந்தைகளுக்கு உரியது என்று கருதப்பட்ட ஒரு வடிவம் அங்கே பெரியவர்களின் கதைக்குப் பயன்பட்டது. இப்படத்தின் சிறப்புக் காட்சிகளுக்காக என். மதுசூதனன் தேசிய விருது பெற்றார்.

சென்னையில் முப்பரிமாணப் படங்கள்

சென்னையைச் சேர்ந்த பென்டாஃபோர் குழுமத்தின் பென்டாமீடியா கிராபிக்ஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இரு படங்களால் கவனம் பெற்றது. முதலாவது 'சிந்துபாத்: பியாண்ட் த வெய்ல் ஆஃப் மிஸ்ட்ஸ்'. நடிகர்களின் உடலில் உணர்விகளைப் பொருத்தி, அவர்களின் அசைவுகளைக் கணினியில் பதிவு செய்யும் 'மோஷன் கேப்சர்' முறையில் முழுமையாக உருவான முதல் முழுநீள அசைவூட்டப் படம் இது. இம்முறையை உலகறியச் செய்த 'போலார் எக்ஸ்பிரஸ்' இதற்கு நான்கு ஆண்டுகள் பிந்தியது. ஆங்கிலத்தில் அமெரிக்காவில் வெளியான சிந்துபாத் வசூலில் தோல்வியுற்றது.

இரண்டாவது 'பாண்டவாஸ்: த ஃபைவ் வாரியர்ஸ்'. உஷா கணேசராஜா இயக்கிய இப்படம் இந்தியாவின் முதல் முப்பரிமாண அசைவூட்டப் படமாகும். சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதை இது பெற்றது. அடுத்தடுத்து 'அலிபாபா', 'சன் ஆஃப் அலாவுதீன்', 'புத்தா' முதலிய படங்களும் வந்தன. ஆனால் உலகளாவிய தகவல் தொழில்நுட்பப் பங்குச் சரிவில் நிறுவனத்தின் மதிப்பு வீழ்ந்து, அந்த வேகம் நீடிக்கவில்லை. சென்னையில் உருவான இப்படங்கள் ஏற்றுமதிச் சந்தையை நோக்கியவை. அதனால் அவற்றின் முதல் மொழி ஆங்கிலமாக அமைந்தது.

தமிழில் முழுநீள முப்பரிமாண அசைவூட்டப் படமாக 'இனிமே நாங்கதான்' 2007இல் வெளியானது. இதற்கு இளையராஜா இசையமைத்தார். சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய 'கோச்சடையான்' 2014 மே 23 அன்று வெளியானது. ரஜினிகாந்த் உள்ளிட்ட நடிகர்களின் அசைவுகளும் முகபாவங்களும் பதிவு செய்யப்பட்டுக் கணினி உருவங்களாக்கப்பட்டன. 2009இல் மறைந்த நாகேஷின் உருவமும் இதில் மீட்டுருவாக்கப்பட்டது. தொழில்நுட்ப முயற்சி பாராட்டப்பட்டாலும் உருவங்களின் முகத்தில் உயிர்ப்பு குறைவு என்ற விமர்சனம் எழுந்தது. பார்வையாளர் நன்கு அறிந்த ஒரு நடிகரின் முகத்தைக் கணினியில் உருவாக்குவது மிகக் கடினம். சிறு பிசகும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கற்பனை விலங்குக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தொலைக்காட்சியும் யூடியூப்பும்

தமிழ்க் குழந்தைகள் தொலைக்காட்சியில் கண்ட அசைவூட்டம் பெரும்பாலும் பிறநாட்டுத் தொடர்களின் மொழிமாற்றம். 2007இல் தொடங்கிய சுட்டி டிவியின் வழியாக 'ஜாக்கி சான் அட்வெஞ்சர்ஸ்', 'டோரா' முதலிய தொடர்கள் வீடுதோறும் சென்றன. பேச்சுத் தமிழும் உள்ளூர் நகைச்சுவையும் கலந்த மொழிமாற்றத்தால் அயல்நாட்டுப் பாத்திரங்கள் தமிழ்ப் பாத்திரங்களைப் போலவே ஏற்கப்பட்டன. ஒருவரே பல குரலில் பேசிய தோல்பாவைக் கலைஞரின் திறனோடு இதை ஒப்பிடலாம். இரண்டிலும் அசையும் உருவத்தை நம்பச் செய்வது குரல்தான்.

சென்னையில் தோன்றி உலகெங்கும் பரவிய அசைவூட்டத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சூசூ டிவி ஆகும். வினோத் சந்தர் 2013இல் தம் மகளுக்காக ஒரு குழந்தைப் பாடலை அசைவூட்டமாக்கி யூடியூப்பில் வெளியிட்டதிலிருந்து இது வளர்ந்தது. பழைய ஆங்கிலக் குழந்தைப் பாடல்களின் துயரமான முடிவுகளை மாற்றி, விழுந்தவர்கள் மீண்டும் எழுவதாக அமைத்தது இதன் தனித்தன்மை. பல கோடிச் சந்தாதாரர்களைப் பெற்றபின் தமிழுக்கும் தனி அலைவரிசை தொடங்கப்பட்டது.

கல்வியும் பாதுகாப்பும்

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் அசைவூட்டத்திலும் காட்சி விளைவுகளிலும் பட்டப்படிப்பை நடத்துகிறது. பள்ளிப் பாடங்களை அசைவூட்டக் காணொளிகளாகத் தரும் 'மணற்கேணி' செயலியைத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2023இல் வெளியிட்டது. ஒன்றிய அரசு 2022ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அசைவூட்டம், காட்சி விளைவுகள், விளையாட்டு, காமிக்ஸ் துறைகளுக்கென ஒரு பணிக்குழுவை அறிவித்தது. 2025இல் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளியான 'மகாவதார் நரசிம்மா' இந்திய அசைவூட்டப் படங்களில் மிக அதிக வசூலைப் பெற்றது. பார்வையாளர் இல்லை என்ற நெடுநாள் தயக்கத்துக்கு இது விடையாக அமைந்தது.

தமிழ்நாட்டின் அசைவூட்ட வரலாற்றில் தொழில்நுட்பம் பலமுறை முன்னதாகவே வந்து சேர்ந்துள்ளது. கைத்திறனுக்கும் குறைவில்லை. ஆனால் அத்திறன் பெரும்பாலும் பிறர் கதைகளுக்கும் பிறமொழிச் சந்தைக்கும், திரைப்படத்தின் சில நிமிடக் காட்சிகளுக்கும் செலவானது. தமிழ்க் கதையைத் தமிழ்க் குழந்தைக்குத் தொடர்ந்து சொல்லும் முயற்சிகள் சிலவே. பாவைகளைச் செய்த குடும்பங்களின் வாய்மொழிச் செய்திகள், படங்களில் பணியாற்றியவர்களின் பெயர்கள், அவர்கள் வரைந்த பக்கங்கள் ஆகியவையும் இவ்வரலாற்றின் பகுதிகள். ஆற்றில் எறியப்பட்ட ரெய்னோவின் சுருள்களையும் இன்று கிடைக்காத பால்கேயின் தீக்குச்சிப் படத்தையும் போல அவை மறையாமல் இருக்க, கலைஞர்கள் வாழும்போதே அவற்றைத் தொகுப்பது தேவையாகிறது.